சோற்றுப் பொட்டலத்துக்கு முன்னால் ஒரு கழிப்பறை: டெல்டாவில் வெள்ளக் காலத்துச் சுத்தம்

புயல் அடித்து ஓய்ந்த மறுநாள் காலையில் காவிரி டெல்டாவில் முதலில் நடப்பது சமையல். யாராவது ஒருவர் அண்டாவை ஏற்றிவிடுவார். மண்டபத்திலோ பள்ளிக்கூடத்திலோ தங்கியிருப்பவர்களுக்கு மதியத்துக்குள் சாம்பார் சாதப் பொட்டலம் போய்விடும். வெளியூரிலிருந்து வேன் வேனாக பிரெட்டும் பிஸ்கட்டும் தண்ணீர் பாட்டிலும் வந்து இறங்கும். இந்த மண்ணில் பசியோடு யாரையும் விடமாட்டார்கள். அதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை.

ஆனால் அந்தப் பொட்டலத்தைப் பிரிக்கும் கையை எங்கே கழுவினார்கள், சாப்பிட்டவர்கள் மறுநாள் விடியற்காலையில் எங்கே ஒதுங்கினார்கள் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. சோப்பு மூன்றாவது நாள் வரும். வாளியும் குவளையும் ஐந்தாவது நாள் வரலாம். கழிப்பறை பெரும்பாலும் வருவதே இல்லை. இந்த வரிசை தலைகீழாக மாற வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது. வெள்ளக் காலத்தில் சுத்தம் என்பது வசதியானவர்களின் கவலை அல்ல. உயிரோடு கரையேறிய ஒருவரை அடுத்த இரண்டு வாரம் நோயில்லாமல் வைத்திருக்கும் வேலை அது. அந்த வேலை கழிப்பறையில் தொடங்குகிறது.

டெல்டாவில் இது ஏன் மற்ற ஊர்களைவிடக் கடினம் என்பதை முதலில் பார்த்துவிடலாம். இங்கே நிலம் தட்டையானது. தஞ்சாவூர்ப் பக்கமிருந்து நாகப்பட்டினம் கடற்கரை வரை சரிவு மிகக் குறைவு. மலைப்பகுதியில் வெள்ளம் வேகமாக வந்து வேகமாகப் போய்விடும். இங்கே வந்த தண்ணீர் நிற்கும். ஆறுகளும் வடிகால்களும் கடலில் சேரும் முகத்துவாரத்தில் மணல் மேடிட்டிருந்தாலோ, கடல் ஓதம் ஏறியிருந்தாலோ, தண்ணீர் இறங்க வழியில்லாமல் நாள்கணக்கில் வயலிலும் தெருவிலும் கிடக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நிலத்தடி நீரும் மேலே ஏறிவிடுகிறது. கேணியில் கையால் மொள்ளும் அளவுக்குத் தண்ணீர் வந்துவிடும் ஊர்கள் உண்டு. அப்படியென்றால் பக்கத்தில் உறை இறக்கிக் கட்டியிருக்கும் கழிப்பறைக் குழியிலும் அதே மட்டத்துக்குத் தண்ணீர் நிற்கிறது என்று பொருள். ஊற்றிய தண்ணீர் உள்ளே போகாது, எதிர்த்துக்கொண்டு வரும். வீட்டில் கழிப்பறை இருந்தும் இல்லாத நிலை.

அப்புறம் மிஞ்சுவது மேட்டு நிலம்தான். டெல்டாவில் மேடு என்றால் ஆற்றங்கரை, தார்ச்சாலை, கோயில் வளாகம், பள்ளிக்கூடம். மேட்டூர் நிரம்பி உபரி நீர் கொள்ளிடத்தில் திறந்துவிடப்படும் ஆண்டுகளில், மயிலாடுதுறை மாவட்டத்தின் நாதல்படுகை, முதலைமேடு திட்டு, வெள்ளமணல் போன்ற ஊர்களில் இருப்பவர்கள் கரைக்கு வந்துவிடுகிறார்கள். ஆகஸ்டில், மழையே இல்லாத வெயில் நாளில்கூட இது நடக்கும். அந்தக் கரையிலேயே சமைக்க வேண்டும், தூங்க வேண்டும், மாட்டைக் கட்ட வேண்டும், வெளிக்கும் போக வேண்டும். தண்ணீருக்குப் பயந்து மேடேறிய பாம்பும் எலியும் அங்கேதான் இருக்கும். இவ்வளவும் ஒரே மண் மேட்டில் நடக்கும்போது, அசுத்தம் சோற்றுக்கு வந்து சேர ஓர் ஈ போதும்.

இரண்டாவது சிக்கல் கரண்ட். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையைக் கடந்தது. புயலுக்கு முன்பே 80,000-க்கும் மேற்பட்டவர்களை முகாம்களுக்கு அழைத்து வந்துவிட்டதால் உயிர்ச்சேதம் குறைந்தது. அது பெரிய காரியம். ஆனால் ஒரு லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் சாய்ந்தன. பல கிராமங்களுக்குக் கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. கரண்ட் இல்லையென்றால் மோட்டார் ஓடாது, மேல்நிலைத் தொட்டி நிரம்பாது, தெருக்குழாயில் காற்றுதான் வரும். ஜெனரேட்டரை வாடகைக்குப் பிடித்து, தெருத்தெருவாக நகர்த்தி, வீட்டுத் தொட்டிகளை நிரப்பிக்கொண்டார்கள். காசு இருந்த தெருவுக்கு முதலில் தண்ணீர் கிடைத்தது.

வேதாரண்யம் பக்கம் இன்னும் மோசம். அங்கே நிலத்தடி நீர் உப்பு. குடிநீர், கொள்ளிடத்திலிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாயில் அத்தனை தூரம் கடந்து வருகிறது. வழியில் எங்கே கரண்ட் போனாலும், எங்கே குழாய் உடைந்தாலும், கடைசி ஊர்தான் முதலில் காயும். சுற்றிலும் தண்ணீர் நிற்க, முகம் கழுவத் தண்ணீர் தேடிப் போன குடும்பங்கள் ஏராளம். உப்புத் தண்ணீரில் குளியல் சோப்பு நுரைக்காது, திரிதிரியாகப் போய்விடும். அந்த ஊர்க்காரர்களுக்கு இது தெரியும். வெளியிலிருந்து சோப்புக் கட்டி அனுப்புகிறவர்களுக்குத் தெரிவதில்லை. துணி துவைக்கும் டிடர்ஜென்ட் தூள் உப்புத் தண்ணீரிலும் ஓரளவு நுரைக்கும். அதனால் கடலோர ஊர்களுக்கு அனுப்பும் பையில் அதுவும் இருக்க வேண்டும்.

எந்த ஊரிலெல்லாம் பழைய அடிபம்பைப் பிடுங்கிப் போடாமல் வைத்திருந்தார்களோ, அந்தத் தெருவெல்லாம் கஜா சமயத்தில் பிழைத்தது. மோட்டார் வந்துவிட்டதென்று அடிபம்பைக் கைவிட்ட ஊராட்சிகள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும். வாஷர் மாற்றி ஓட்டத்தில் வைத்திருந்தால் போதும்.

சரி, நோய் எங்கிருந்து வருகிறது? பேரிடர் என்றவுடன் ஜனங்கள் பயப்படுவது பிணங்களைப் பார்த்து. 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த நாட்களில் ஊரெங்கும் ஒரே பேச்சு, உடல்களிலிருந்து கொள்ளை நோய் பரவிவிடும் என்று. அடிபட்டோ மூழ்கியோ இறந்தவர்களின் உடல் கொள்ளை நோயைக் கிளப்புவதில்லை. உலக சுகாதார நிறுவனம் திரும்பத் திரும்பச் சொல்லிவரும் விஷயம் இது. உடல்களைக் கையாள்பவர்களுக்குக் கையுறையும் கை கழுவுவதும் கட்டாயம் வேண்டும், அது வேறு. கூட்டமாகத் தங்கியிருக்கும் உயிருள்ள மனிதர்களின் மலம் குடிநீரில் கலப்பதுதான் உண்மையான ஆபத்து. சுனாமிக்குப் பிறகு தமிழகத்தில் பெரிய அளவில் கொள்ளை நோய் கிளம்பாததற்குக் காரணம், முகாம்களில் குடிநீருக்குக் குளோரின் போட்டதும், தட்டம்மைத் தடுப்பூசி போட்டதும், சுகாதாரப் பணியாளர்கள் தினமும் வந்து வயிற்றுப்போக்கு யாருக்கு என்று விசாரித்ததும்தான்.

இதற்குப் புயல்கூடத் தேவையில்லை. 2022 ஜூலையில் காரைக்காலில் காலரா கண்டறியப்பட்டு, புதுச்சேரி அரசு பொது சுகாதார அவசரநிலையே அறிவித்தது. பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். குடிநீரோடு கழிவுநீர் கலந்ததுதான் அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. வெள்ளம் இல்லாத ஜூலையிலேயே இது நடக்கும் என்றால், குழாயும் குழியும் ஒன்றாக மூழ்கிக் கிடக்கும் நவம்பரில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதனால் கழிப்பறைக்கு வருவோம். நிவாரண அமைப்புகள் உலகம் முழுக்கப் பின்பற்றும் ஸ்ஃபியர் தரநிலைகள் என்று ஒன்று இருக்கிறது. அதன்படி ஆரம்ப நாட்களில் 50 பேருக்கு ஒரு கழிப்பறை, நிலைமை சீரானதும் 20 பேருக்கு ஒன்று. ஆண்களுக்கு ஒன்று என்றால் பெண்களுக்கு மூன்று. நம் ஊர் முகாம் என்பது பெரும்பாலும் பள்ளிக்கூடம். பகலில் சில மணி நேரம் பிள்ளைகள் பயன்படுத்துவதற்காகக் கட்டிய கழிப்பறை, ராப்பகலாக முந்நூறு நானூறு பேருக்கு எப்படித் தாங்கும்? இரண்டாம் நாளே அடைத்துக்கொள்ளும். சின்னப் பிள்ளைகளுக்கான கோப்பையில் பெரியவர்கள் உட்கார முடியாது. முட்டி மடங்காத பாட்டிக்கு எதிலுமே உட்கார முடியாது.

இதன் முழுச் சுமையும் பெண்கள் மேல் விழுகிறது. முகாமில் தங்கிய பெண்களிடம் கேட்டால் ஒரே பதில்தான் வரும்: "தண்ணி குடிக்கிறதையே கொறைச்சுக்கிட்டோம்." இருட்டும்வரை அடக்கிக்கொண்டு, இரண்டு மூன்று பேர் சேர்ந்து டார்ச் எடுத்துக்கொண்டு, பாம்பு இருக்குமோ என்று காலால் தட்டிக்கொண்டு போய் வருகிறார்கள். தண்ணீரைக் குறைப்பதாலும் சிறுநீரை அடக்குவதாலும் நீர்க்கடுப்பும் சிறுநீர்த் தொற்றும் வருகிறது. மலச்சிக்கல் வருகிறது. பிள்ளை பெற்றவள் என்றால் பால் கொடுக்கிற தெம்பு போய்விடுகிறது. நிவாரணக் கணக்கில் இந்த நோய்கள் எதுவும் ஏறுவதில்லை. எனக்கு மனது ஆறாத விஷயம் இது.

வீட்டிலோ முகாமிலோ குழி நிரம்பிவிட்டால் உடனே செய்யக்கூடிய ஒரு வழி இருக்கிறது. அதற்கு வேண்டியது எல்லாம் டெல்டாவிலேயே கிடைக்கும். மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் வாளி, உள்ளே கனமான பாலிதீன் பை இரண்டு, பக்கத்தில் ஒரு மூட்டை உமி அல்லது உமிச் சாம்பல். ரைஸ் மில் இல்லாத வட்டாரம் இங்கே ஏது? பைகளை வாளிக்குள் ஒன்றின் மேல் ஒன்றாக விரித்து, அடியில் நாலு விரல் உயரம் உமியைப் போட்டுக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு முறை பயன்படுத்திய பிறகும் மலம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு உமியையோ சாம்பலையோ அள்ளித் தூவி மூடியைப் போட வேண்டும். ஈரத்தை உமி உறிஞ்சிக்கொள்ளும், நாற்றம் அடங்கும், ஈ மொய்க்காது. சிறுநீரையும் கால் கழுவும் தண்ணீரையும் முடிந்தவரை வேறு பாத்திரத்தில் பிடித்தால் வாளி இரண்டு மூன்று நாள் தாங்கும். நிரம்பியதும் பையை இறுக்கிக் கட்டி, பிள்ளைகளும் நாயும் அண்டாத இடத்தில் மூடி வைத்து, தண்ணீர் வடிந்த பிறகு கிணற்றிலிருந்தும் அடிபம்பிலிருந்தும் முப்பது மீட்டருக்கு அப்பால், மேடான இடத்தில் ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்துவிடலாம்.

உட்கார முடியாத பெரியவர்களுக்கு, பழைய பிளாஸ்டிக் நாற்காலியின் நடுவில் வட்டமாக அறுத்து அடியில் இந்த வாளியை வைத்தால் போதும். அறுத்த விளிம்பில் துணியைச் சுற்றிவிடுங்கள், தொடை கிழிக்காது. சுற்றிலும் நான்கு மூங்கில் நட்டு தார்ப்பாயோ பழைய சேலையோ கட்டினால் மறைவாகிவிடும். தார்ப்பாய் மெல்லியதாக இருந்தால் ராத்திரியில் உள்ளே விளக்கு வைக்கும்போது நிழல் வெளியே தெரியும். அதனால் இரண்டு மடிப்பாகக் கட்ட வேண்டும். இந்தச் சின்ன விஷயத்தைக் கவனிக்காமல் கட்டிய கழிப்பறைக்குப் பெண்கள் போகமாட்டார்கள். உள்தாழ்ப்பாளுக்கு ஒரு கயிறும் கொக்கியும் கட்டாயம்.

குழந்தையின் மலத்தால் ஒரு கெடுதலும் இல்லை என்று நினைத்து வாய்க்காலில் அலசிவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. கிருமி விஷயத்தில் அது பெரியவர்களுடையதைவிட எந்த வகையிலும் சாது கிடையாது. அதுவும் வாளிக்குத்தான் போக வேண்டும்.

அடுத்தது, கொஞ்சம் தண்ணீரை வைத்து உடம்பைச் சுத்தமாக வைப்பது. ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் வேண்டும் என்று அதே தரநிலைகள் சொல்கின்றன. குடிக்க, சமைக்க, கழுவ, எல்லாவற்றுக்கும் சேர்த்து. ஒரு குடம் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் கிடைக்காத நாளில், குடிக்கவும் சமைக்கவும் ஒதுக்கியது போக மீதியைக் கைகளுக்குத்தான் முதலில் கொடுக்க வேண்டும். முழுக் குளியல் இரண்டு நாள் தள்ளிப்போனால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. கை கழுவாத ஒரு வேளை போதும், முகாமே வயிற்றுப்போக்கில் படுக்க.

ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் மூடியில் ஆணியைக் காய்ச்சி நாலைந்து ஓட்டை போட்டு, கழிப்பறை வாசலில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடலாம். இல்லையென்றால், மூடியில் ஓட்டை போடாமல் பாட்டிலை நேராகக் கட்டி, அடியில் ஊசி முனையளவு ஓட்டை போட்டு, மூடியைத் தளர்த்தினால்தான் தண்ணீர் வரும்படியும் செய்யலாம். சோப்பை ஒரு பழைய சாக்ஸில் போட்டு அதன் பக்கத்திலேயே கட்டிவிட்டால், யாரும் எடுத்துப்போக மாட்டார்கள், சேற்றிலும் விழாது. கழிப்பறை போய் வந்ததும், குழந்தைக்குக் கால் கழுவிவிட்டதும், சமைக்கும் முன்னும், சாப்பிடும் முன்னும், ஊட்டும் முன்னும் என்று ஐந்து வேளை. இருபது நொடி தேய்க்க வேண்டும். சோப்பு கிருமியைக் கொன்றாக வேண்டும் என்றில்லை. கையின் எண்ணெய்ப் பசையோடு சேர்த்துப் பெயர்த்துவிடுகிறது, தண்ணீர் கொண்டு போய்விடுகிறது. அதனால்தான் சாதாரணச் சோப்பே போதும். சானிடைசர் பாட்டில்களை நிறைய அனுப்புகிறார்கள். சேறும் எண்ணெயும் படிந்த கையில் அது வேலை செய்வதில்லை. சோப்பு அறவே இல்லாத இடத்தில், வெறும் தண்ணீரை விட அடுப்புச் சாம்பலைத் தொட்டுத் தேய்ப்பது மேல். நம் பாட்டிமார் பாத்திரம் தேய்த்த அதே சாம்பல்தான். புண் இருக்கும் கையில் மட்டும் வேண்டாம்.

உடம்பைத் துடைக்க அரை வாளி தண்ணீர் போதும். ஒரு துண்டை நனைத்துப் பிழிந்து முகம், கழுத்து, அக்குள் என்று மேலிருந்து இறங்கி, இடுப்புக்குக் கீழே கடைசியாக வர வேண்டும். துண்டை இடையிடையே வேறு குவளைத் தண்ணீரில் அலச வேண்டும், வாளிக்குள் முக்கக் கூடாது. துடைத்து மிஞ்சிய தண்ணீர் கழிப்பறைக்குப் போகட்டும். ஒரே துண்டை வீடே பயன்படுத்துவதால்தான் முகாம்களில் சொறி சிரங்கும், மெட்ராஸ் ஐயும் ஒரே வாரத்தில் வரிசையாக எல்லோருக்கும் வருகிறது. துண்டு மட்டும் ஆளுக்கு ஒன்று இருக்க வேண்டும். நிவாரணமாகப் போர்வை வாங்குகிற காசில் துண்டும் வாங்கலாம்.

ஈரத் துணி இன்னொரு தொல்லை. கார்த்திகை அடைமழையில் நாலு நாள் சேர்ந்தாற்போல் வெயில் இருக்காது. காயாத உள்ளாடையைப் போட்டுக்கொண்டே இருப்பதால் தொடை இடுக்கில் படர்தாமரை வந்துவிடுகிறது. கரண்ட் இல்லாத நாளில் பழைய கரி இஸ்திரிப் பெட்டி உள்ள வீடுதான் ராஜா வீடு. கொட்டாங்கச்சிக் கரியைப் போட்டு, உள்ளாடையையும் குழந்தைத் துணியையும் ஒரு முறை தேய்த்தால் ஈரமும் போகும், கிருமியும் பெரும்பாலும் போகும். அது இல்லையென்றால் அடுப்புக்கு மேலே கயிறு கட்டிப் போடலாம்.

இப்போது கால். டெல்டா விவசாயிக்குச் சேற்றுப்புண் புதிதல்ல. நடவு காலத்தில் விரல் இடுக்கெல்லாம் வெளுத்து ஊறி, தோல் கிழிந்து, ராத்திரியில் அரிப்பு தூங்கவிடாது. மஞ்சளும் வேப்பெண்ணெயும், மருதாணி அரைத்து அப்புவதும் வழக்கமான கைவைத்தியம். வயலில் பட்ட சேற்றுப்புண்ணுக்கு அது போதும் என்றே நாம் இருந்துவிடுகிறோம். வெள்ளத் தண்ணீரில் அப்படி இருக்க முடியாது, காரணம் எலி. வளை மூழ்கி மேடேறும் எலிகளின் சிறுநீர் தேங்கிய தண்ணீரில் கலக்கிறது. மாட்டுச் சிறுநீரும் சேர்கிறது. அதில் இருக்கும் லெப்டோஸ்பைரா கிருமி கிழிந்த தோல் வழியாகவும், கண், வாய் வழியாகவும் உடம்புக்குள் போகிறது. நாம் எலிக்காய்ச்சல் என்று சொல்வது இதைத்தான். சேற்றுப்புண் உள்ள கால் அதற்குத் திறந்து வைத்த வாசல்.

வெள்ளத்தில் நடந்த அன்று ஒன்றும் தெரியாது. பொதுவாக ஒன்று இரண்டு வாரம் கழித்துக் கடும் காய்ச்சல், தலைவலி, கெண்டைக்காலில் தொட்டால் தாங்காத வலி, கண் சிவப்பு. சிலருக்கு மஞ்சள் காமாலை வந்து சிறுநீரகமும் பாதிக்கும். தண்ணீர் வடிந்து, வீட்டைக் கழுவி, எல்லாம் முடிந்தது என்று நிமிரும்போது வருவதால், இதை வெள்ளத்தோடு சேர்த்து யாரும் யோசிப்பதில்லை. டாக்டரிடம் போகும்போது, "வெள்ளத்துல நடந்தேன் டாக்டர், கால்ல புண்ணு இருந்துச்சு" என்று நாமே எடுத்துச் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் பிடித்தால் சாதாரண ஆன்டிபயாட்டிக் மாத்திரையிலேயே குணமாகும். மீட்புப் பணியில் நாள் முழுக்கத் தண்ணீரில் நிற்பவர்களுக்கு, வாரம் ஒருமுறை டாக்ஸிசைக்ளின் மாத்திரை முன்தடுப்பாகக் கொடுப்பதுண்டு. கர்ப்பிணிகளும் சிறு பிள்ளைகளும் அதைச் சாப்பிடக் கூடாது. யாராக இருந்தாலும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுத்தான் போட வேண்டும்.

காலுக்குச் செய்ய வேண்டியது எளிது. தண்ணீரில் இறங்கும் முன் புண்ணை மூடிக் கட்டி, கிடைத்தால் கம்பூட் போட்டுக்கொள்வது, இல்லையென்றால் செருப்பாவது. தண்ணீருக்குள் கிடக்கும் தகரமும் முள்ளும் கண்ணுக்குத் தெரியாது. கரையேறியதும் நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, விரல் இடுக்கை ஒவ்வொன்றாகத் துடைத்து, ராத்திரி முழுக்கக் காலைக் காய விடுவது. கழுவுவதைவிடக் காய விடுவதைத்தான் நாம் தவறவிடுகிறோம். தகரம் கிழித்திருந்தால் அன்றைக்கே டிடி ஊசி.

இங்கே தூய்மைப் பணியாளர்களைப் பற்றிச் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. கஜாவின்போது வேறு மாவட்டங்களிலிருந்து லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார்கள். மரத்தையும் குப்பையையும் செத்த ஆடுமாட்டையும் அவர்கள்தான் அப்புறப்படுத்தினார்கள். ஊரைச் சுத்தம் செய்ய வந்தவர்களுக்குக் குளிக்கத் தண்ணீர், மாற்றுத் துணி, கையுறை, கம்பூட், படுக்கக் காய்ந்த இடம் இவையெல்லாம் முதல் நாளே இருந்திருக்க வேண்டும். அவர்கள் கேட்டு வாங்க வேண்டிய பொருள்கள் அல்ல அவை.

மாதவிடாய் பற்றி எழுதாமல் இந்த விஷயம் முடியாது. கஜா அடித்த அந்த இரவில், பட்டுக்கோட்டைக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் சிறுமி ஒருத்தி இறந்தாள். அப்போதுதான் வயதுக்கு வந்திருந்தாள். தீட்டு என்று வீட்டை விட்டுத் தள்ளி ஒரு குடிசையில் படுக்க வைத்திருந்தார்கள். தென்னை மரம் அந்தக் குடிசை மேல் விழுந்தது. நாடு முழுக்கச் செய்தியானது. புயல் எச்சரிக்கை எல்லா வீட்டுக்கும் வந்த இரவு அது. இன்றைக்கும் அந்த வழக்கம் முழுதாக ஒழிந்துவிடவில்லை. புயல் எச்சரிக்கை வந்துவிட்டால் தீட்டும் கிடையாது, ஒதுக்குக் குடிசையும் கிடையாது என்று ஊர்ப் பெரியவர்களே தண்டோரா போட்டுச் சொல்ல வேண்டும். முகாமுக்கு வரும் பெண்ணுக்கும் அதே மரியாதை வேண்டும்.

நாப்கின் அனுப்புகிறவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். பயன்படுத்திய நாப்கினை எங்கே போடுவது? வெள்ளத்தில் எரிக்கவும் முடியாது, புதைக்கவும் இடம் இல்லை. கழிப்பறைக்குள் போட்டால் அதுவும் அடைத்துக்கொள்ளும். அதனால் நாப்கினோடு கூடவே பழைய செய்தித்தாளும், மூடியுள்ள தனி வாளி ஒன்றும் பெண்கள் கழிப்பறைக்குள் போக வேண்டும். அந்த வாளியைத் தினம் யார் எடுப்பது என்பதையும் பேசி முடிவு செய்ய வேண்டும். துணி பயன்படுத்திப் பழகியவர்களுக்குப் புதுப் பருத்தித் துணி கொடுப்பதே நல்லது. துவைத்த துணியை யார் கண்ணிலும் படக்கூடாது என்று மூலையில் ஈரமாகவே சுருட்டி வைப்பதுதான் தொற்றுக்குக் காரணம். மேலே ஒரு மெல்லிய துணியைப் போர்த்திக் கொடியில் காய வைக்கலாம், வெயில் இல்லாத நாளில் இஸ்திரி போடலாம். நாப்கினோ துணியோ, ஐந்தாறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கிராம சுகாதார செவிலியரிடம், அரசு இலவசமாகக் கொடுக்கும் புதுயுகம் திட்ட நாப்கின் இருக்கும். அது பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று நினைத்து யாரும் கேட்காமல் இருந்துவிடுகிறார்கள்.

கடைசியாகக் கிணறும் பிளீச்சிங் பவுடரும். வெள்ளம் வடிந்ததும் சாலை ஓரத்தில் கோலம் போடுவதுபோல் வெள்ளையாக பிளீச்சிங் பவுடரைத் தூவிக்கொண்டு போவார்கள். பார்ப்பவர்களுக்கு ஏதோ வேலை நடந்த நிம்மதி. சேற்று மண்ணின் மேல் விழுந்த குளோரின் சில நிமிடங்களில் வீணாகிவிடும். அந்தப் பவுடர் போக வேண்டிய இடம் கிணறும் தொட்டியும்.

வெள்ளம் புகுந்த கிணறு என்றால் முதலில் தண்ணீரை முடிந்தவரை இறைத்து வெளியேற்ற வேண்டும். கலங்கல் இருக்கும்வரை குளோரின் சரியாக வேலை செய்யாது. பிறகு அளவு. ஒரு மீட்டர் அகல உறைக் கேணியில் மூன்று மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் இருந்தால் அது சுமார் 2,350 லிட்டர். தெளிந்த கிணற்றுக்கு ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் என்பது வழக்கமான கணக்கு. வெள்ளம் புகுந்ததற்குக் கூடுதலாகத் தேவைப்படும். எவ்வளவு என்பதைச் சுகாதார ஆய்வாளர் குளோரின் சோதனை செய்து சொல்வார். பவுடரை நேராகக் கிணற்றில் கொட்டக் கூடாது. ஒரு வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கூழாகக் கரைத்து, முக்கால் வாளி வரை தண்ணீர் ஊற்றிக் கலக்கி, பத்து நிமிடம் விட்டால் சுண்ணாம்பு அடியில் தங்கும். மேலே தெளிந்ததை மட்டும் இன்னொரு வாளியில் இறுத்துக் கிணற்றுக்குள் இறக்கி, மேலும் கீழுமாக ஆட்டிக் கலக்க வேண்டும். ஒரு மணி நேரம் கழித்துத்தான் தண்ணீர் எடுக்கலாம். சாயங்காலம் போட்டுவிட்டுக் காலையில் எடுப்பது வசதி. போன வருஷம் பிரித்து வைத்த மூட்டையில் குளோரின் பாதிகூட இருக்காது. வாசனை மூக்கில் ஏறாவிட்டால் அந்தப் பவுடரை நம்ப வேண்டாம்.

குடத்துத் தண்ணீர் கலங்கியிருந்தால் தேத்தாங்கொட்டையை மண்பானையின் உட்புறம் உரைத்துவிட்டு ஊற்றி வைக்கும் பழக்கம் நமக்கு உண்டு. சில மணி நேரத்தில் கலங்கல் அடியில் தங்கிவிடும். அது தெளிய வைக்கும், கிருமியைக் கொல்லாது. தெளிந்ததை வேறு பாத்திரத்துக்கு மாற்றிக் கொதிக்க வைக்க வேண்டும், அல்லது 20 லிட்டர் தண்ணீருக்கு அரை கிராம் குளோரின் மாத்திரை ஒன்று போட்டு அரை மணி நேரம் விட வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாவது வாரத்தில் தொடங்கிவிடும். அக்டோபர் 2-ஆம் தேதி ஒவ்வொரு ஊராட்சியிலும் கிராம சபை கூடுகிறது. இரண்டு வாரம் இடைவெளி இருக்கிறது. அன்றைக்குக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டிய கேள்விகள் இவை. நம் ஊர் முகாம் எந்தக் கட்டடம், அதில் பெண்களுக்கு எத்தனை கழிப்பறை, அதன் சாவி விடுமுறை நாளில் யாரிடம் இருக்கும்? தெருவில் ஓடும் அடிபம்பு எத்தனை? தொட்டிக்கு ஜெனரேட்டர் யார் கொண்டு வருவார், டீசல் யார் கணக்கு? பிளீச்சிங் பவுடர் எப்போது வாங்கியது? மூடி போட்ட வாளி இருபதும், உமி பத்து மூட்டையும், சோப்பு ஒரு பெட்டியும் ஊராட்சி அலுவலகத்தில் இப்போதே வாங்கி வைக்க முடியுமா?